வீட்டில் அடி, உதைக்கு உதவி எங்கே கிடைக்கும்? முதலில் யாரிடம் பேசலாம்?

அடி வாங்கும் பெண்ணுக்கு ஊரும் உறவும் சொல்லும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "அனுசரிச்சுப் போ". இன்னொன்று, "பேசாம போலீஸ்ல எழுதிக் கொடு". முதலாவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருக்கும். இரண்டாவதை நினைத்தாலே பயம் வரும். கணவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால் அவர் வேலை போய்விடுமே, வாடகையை யார் கட்டுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்பார்கள், அம்மா வீட்டில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று யோசித்தே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்த இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அந்தக் கொஞ்சம் பேரிலும் பெரும்பாலோர் போய் நின்றது சொந்தக் குடும்பத்திடம்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். உதவி கேட்பது வேறு, கேஸ் போடுவது வேறு, வீட்டை விட்டு வெளியேறுவது வேறு. நம் ஊரில் இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதால்தான் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். கேஸ் போடாமலும் உதவி கேட்கலாம். கேஸ் போட்டுவிட்டு அதே வீட்டில் இருக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கீழே நான் சொல்லும் சட்டம் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், அலுவலக விவரங்கள் தமிழ்நாட்டுக்கானவை.

சட்டத்தின் பெயர், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ல். வக்கீல்கள் இதில் போடும் வழக்கைச் சுருக்கமாக "டி.வி. கேஸ்" என்பார்கள், டொமஸ்டிக் வயலன்ஸ், அதாவது குடும்ப வன்முறை என்பதன் சுருக்கம். இந்தச் சட்டத்தின் நோக்கம் கணவனை ஜெயிலில் போடுவது இல்லை. அடியை நிறுத்துவது, தலைக்கு மேல் கூரையை உறுதி செய்வது, செலவுக்குப் பணம் வாங்கித் தருவது, பிள்ளைகளை அம்மாவிடம் இருக்க வைப்பது ஆகியவைதான் இதன் வேலை. நீதிமன்ற உத்தரவை அவர் மீறினால்தான் தண்டனை என்ற பேச்சே வருகிறது.

எதெல்லாம் வன்முறை? உடல்ரீதியானது, பாலியல்ரீதியானது, வார்த்தையாலும் மனரீதியாகவும் செய்வது, பணத்தை வைத்துச் செய்வது என்று நான்கு வகையைச் சட்டம் சொல்கிறது. இதைவிட நன்றாகப் புரிய வேண்டுமானால் அந்தச் சட்ட விதிகளோடு இருக்கும் முதல் படிவத்தைப் பார்க்க வேண்டும். புகாரைப் பதிவு செய்ய அதிகாரி நிரப்பும் அறிக்கை அது. அதில் அறைவது, உதைப்பது, கடிப்பது, தள்ளிவிடுவது என்று வரிசையாக இருக்கும். அப்புறம் நடத்தையைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது, வரதட்சணை கொண்டுவரவில்லை என்று குத்திக்காட்டுவது, ஆண் குழந்தை பெறவில்லை என்று அவமானப்படுத்துவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது. அதற்கும் கீழே வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சாப்பாடு, துணி, மருந்து வாங்கித் தராமல் இருப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, கேட்காமலே நகையை விற்பது அல்லது அடகு வைப்பது, வீட்டு வாடகையையும் கரண்ட் பில்லையும் கட்டாமல் விடுவது. இதைப் படித்துக் காட்டும்போது "இதெல்லாமா இதுல வருது?" என்று கேட்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. கைநீட்டி அடித்தால் மட்டும்தான் வெளியே சொல்லத் தகுந்த விஷயம் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை இது. மகன் அடிக்கும் அம்மா, அண்ணன் கொடுமைப்படுத்தும் தங்கை, கணவர் இறந்த பிறகு புகுந்த வீட்டில் துன்பப்படும் மருமகள், தாலி கட்டாமலே கணவன் மனைவியாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர் என்று எல்லோரும் இதில் வரலாம். விவாகரத்து ஆகிவிட்டது என்பதற்காகப் பழைய கொடுமைக்கு நிவாரணம் கேட்கும் உரிமை போய்விடாது. மாமியார், நாத்தனார் மேலும் மனு போட முடியும். எதிர்த்தரப்பு வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்ததை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் இந்தச் சட்டம் கைகொடுக்காது, பொதுவான குற்றவியல் சட்டப்படி காவல் நிலையம்தான் போக வேண்டும். பிள்ளைகளிடம் கஷ்டப்படும் முதியவர் ஆணோ பெண்ணோ, 14567 என்ற எண்ணில் பேசலாம்.

பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார்

எல்லோருக்கும் மகளிர் ஸ்டேஷன் தெரியும். இவரைத் தெரியாது. எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு, ஏனென்றால் இந்தச் சட்டத்தின் அச்சாணியே இவர்தான். மாவட்டத்துக்கு ஒருவராவது இருப்பார், சமூக நலத்துறையில் வேலை செய்பவர். மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே என்று விசாரித்தால் இவரைக் கண்டுபிடித்துவிடலாம், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில்தான் இருக்கும். திங்கட்கிழமை மனு கொடுக்க வரும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டு வரலாம் என்பது, வீட்டில் சந்தேகம் வராமல் போக நினைப்பவர்களுக்கு ஒரு வசதி.

இவரிடம் போனால் காக்கி உடை இல்லை, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது, எங்கே தங்கலாம், இலவச வக்கீல் எப்படிக் கிடைப்பார் என்றெல்லாம் சொல்ல வேண்டியது அவருடைய சட்டப்படியான கடமை. நீங்கள் சொல்வதை வைத்து நான் மேலே சொன்ன அறிக்கையை எழுதுவார். அதன் நகல் நீதிபதிக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போகும், இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்ன நிவாரணம் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போடுவது நீங்கள் சம்மதித்தால்தான். முதல் நாள் போகும்போதே, "எனக்கு இப்போதைக்கு விவரம்தான் வேணும் மேடம், அறிக்கை எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம். தப்பே இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. ஒரு மாவட்டம் முழுக்க ஓரிரண்டு பேர் பார்க்கிறார்கள், போகும் நேரத்தில் சீட்டில் இல்லாமல் கோர்ட்டுக்கோ ஆய்வுக்கோ போயிருப்பார்கள். போன் செய்துவிட்டுப் போவது நல்லது. அவரைப் பார்க்கவே முடியவில்லை என்றாலும் வழி அடைபடாது. நீங்களே நேராக நீதிமன்றத்தில் மனு போடலாம், அவருடைய அறிக்கை இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

181, சகி

கலெக்டர் ஆபீஸ் வரை போக முடியாது, இப்போதைக்கு யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 181. பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது. எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் சொல்கிறேன். "வீட்டுல அடிக்கிறாங்க, நான் இப்ப கேஸ் போட கேக்கல, என்ன வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்." இவ்வளவு போதும். எந்த மாவட்டம், இப்போது பேசுவது பாதுகாப்பா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பேச்சு தானாக நகரும். பேசி முடித்ததும் கால் பட்டியலிலிருந்து எண்ணை அழித்துவிடுங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டு போனிலோ வேலை செய்யும் இடத்து போனிலோ பேசுங்கள். இந்த நிமிஷமே அடி விழுகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் 181 இல்லை, 112. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

சகி என்பது ஒருங்கிணைந்த சேவை மையம். மருத்துவம், போலீஸ் உதவி, வக்கீல் ஆலோசனை, மனநல ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு இடமாக அலைய வைக்காமல் ஒரே கூரையின் கீழ் செய்து தரத்தான் 2015-ல் மத்திய அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. பல ஊர்களில் அரசு மருத்துவமனை வளாகத்திலோ பக்கத்திலோ இருக்கும். ராத்திரி கட்டிய புடவையோடு வெளியே வந்துவிட்டால்கூடப் பிள்ளைகளோடு அங்கே தங்கலாம். ஆனால் தற்காலிகத் தங்கல்தான், திட்டப்படி ஐந்து நாள் வரை. அதற்கு மேல் தேவைப்பட்டால் காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்கள். காப்பகம் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள், "அனாதை மாதிரி அங்க போய் இருக்கணுமா" என்று. அடுத்த அடி விழாத ஒரு இடத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கச் சில வாரம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருந்து வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்வது

காயத்தோடு போகும்போது கணவரோ மாமியாரோ கூடவே வருவார்கள். டாக்டர் கேட்டால் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்ல வைத்துத்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஸ்கேன் எடுக்கும்போதோ ஊசி போடும்போதோ ஒரு நிமிஷம் தனியாக இருப்பீர்கள், அந்த நிமிஷத்தில் நர்ஸிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இப்படி வரும் காயங்களை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். என்பார்கள். "தெரிந்த நபர் ஒருவர், இத்தனை மணிக்கு, வீட்டில் வைத்து, கையால் தாக்கியதாக" என்று ஒரு வரி அதில் ஏறிவிட்டால், ஆறு மாதம் கழித்து நீங்கள் கோர்ட்டில் நிற்கும்போது அந்த ஒரு வரி உங்கள் பக்கம் பேசும். வழுக்கி விழுந்ததாக ஏறிவிட்டால் அதுவே எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைத்த லட்டு.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். உள்ளே வீங்கிக்கொண்டு சில மணி நேரம், ஏன் சில நாள் கழித்துக்கூட ஆபத்து வரலாம். கழுத்தில் கை வைத்த மனிதன் அடுத்த முறை எதுவரை போவான் என்று சொல்ல முடியாது, இதை வழக்கமான சண்டையோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

போலீஸுக்குப் போவது என்று முடிவெடுத்தால்

அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கின்றன. கணவனோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கு முன்பு 498ஏ என்று சொல்வார்களே, அது 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளாகிவிட்டது. மூன்று வருஷம் வரை ஜெயில் தண்டனை உண்டு. ஆனால் புகார் கொடுத்த உடனே கைது என்று இல்லை, 2014-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே "அவரைப் பிடிச்சு உள்ளே போட்டுருவாங்க" என்ற பயமும் சரி, "போட்டுருவாங்க" என்ற நம்பிக்கையும் சரி, இரண்டுமே அப்படியே நடப்பதில்லை.

புகாரை இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்ததும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம், போங்கம்மா" என்று அனுப்பினால் அந்தச் சிறிய காகிதம் இல்லாமல் படி இறங்காதீர்கள், நீங்கள் வந்து போனதற்கு அதுதான் அடையாளம். புகாரையே வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் அனுப்பலாம். புகுந்த வீடு மதுரை, இப்போது இருப்பது சேலத்தில் அம்மா வீடு என்றால், சேலத்திலேயே கொடுக்கலாம், மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் நடக்கும் சமரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பெரியவர்கள் பேசி, "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பது ரொம்ப சாதாரணம். சில வீடுகளில் அது பலித்தும் இருக்கிறது. ஆனால் அவர் பக்கத்தில் பத்துப் பேர் நிற்க, உங்கள் பக்கத்தில் அப்பா மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுதந்திரமான சம்மதம் என்று ஒன்று கிடையாது. புகாரை வாபஸ் வாங்குவதாகவோ சமாதானமாகப் போவதாகவோ எழுதிய எந்தக் காகிதத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நீதிமன்றம் என்ன தரும்

டி.வி. மனுவைக் குற்றவியல் நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம் போட வேண்டும். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் சரி. அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றோ, நிலைமை மோசமாக இருந்தால் அவரை வெளியேறச் சொல்லியோ, வேறு வீட்டுக்கு வாடகை தரச் சொல்லியோ கேட்கலாம். சீர் வரிசை, நகை திரும்ப வேண்டும் என்றால் அதுவும். செலவுக்குப் பணம், நஷ்ட ஈடு, பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்வது எல்லாம் ஒரே மனுவில் அடங்கும். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது.

"வீடு என் அப்பா பேர்ல இருக்கு, நீ வெளிய போ" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கடைசியாக வரும் மிரட்டல். கணவரோடு குடும்பம் நடத்திய வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாகலாம், அதில் மருமகளுக்கு வசிக்கும் உரிமை உண்டு என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியது. மாமனார் மாமியார் வயதானவர்கள் என்றால் அவர்கள் நிலைமையையும் கோர்ட் பார்க்கும், அது வேறு. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கித் திண்ணையில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை, சட்டப்படியான நடைமுறை இல்லாமல் வெளியேற்றக் கூடாது.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், வழக்கு முடிய 60 நாள் என்றுதான் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுந்து வருஷக்கணக்கில் இழுப்பது உண்டு. அதனால்தான் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது காரணமாக இருக்க வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா கோர்ட்டிலும் குழு இருக்கிறது, 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். உத்தரவின் நகல் இலவசம், காவல் நிலையத்துக்கும் ஒன்று போகும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். உத்தரவை ஒரு போட்டோ எடுத்து நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன்

பிரிந்து போகப் போகிறாள் என்று தெரிந்த சமயத்தில்தான் ஆபத்து கூடுகிறது. ஆகவே கோபத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள், சொல்லாமல் தயார் செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ ஒன்று, நகை வாங்கிய ரசீது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு. அசலை எடுக்க முடியாவிட்டால் போட்டோ எடுத்து அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், அவருடைய லேப்டாப் அங்கே உட்கார்ந்திருக்கலாம். கூகுள் கணக்கை அவர்தான் தொடங்கித் தந்தார் என்றால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சண்டை முற்றும்போது சமையலறைப் பக்கம் ஒதுங்காமல் வாசல் பக்கம் நகருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர், அக்கா, ஆபீஸ் தோழி என்று நீங்கள் வேறு யாராவதாக இருந்து இதைப் படித்தால், பாதுகாப்பு அலுவலருக்கு நீங்களே தகவல் கொடுக்கலாம், நல்ல எண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் முடிந்தவரை அவளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அடுத்த அடி யார் மேல் விழும் என்பது அவளுக்குத்தான் தெரியும். "இத்தனை நாள் ஏன் பொறுத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள். கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, அவள் உள்ளே பேசும்போது குழந்தையை வெளியே வைத்துப் பார்த்துக்கொள்வது, பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது, இதெல்லாம் பெரிய உதவி.

அவள் திரும்பவும் அதே வீட்டுக்குப் போய்விடலாம். ஒருமுறை இல்லை, பலமுறை போவாள். உங்களுக்கு எரிச்சல் வரும், "இனி எனக்கு போன் பண்ணாதே" என்று வாய் வரை வரும். சொல்லாதீர்கள். முதல் தடவை எழுதிய அறிக்கையும் ஏ.ஆர். பதிவும் சி.எஸ்.ஆர். ரசீதும் அவள் திரும்பிப் போனதால் அழிந்துவிடுவதில்லை, இந்தச் சட்டத்தில் மனு போட ஒரு வருஷத்துக்குள் என்ற காலக்கெடுவும் இல்லை என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அடுத்த முறை அவள் கூப்பிடும்போது, அந்தக் காகிதங்களை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.